ஒரு ரிவால்வருக்கு எத்தனை வயது?

பழைய காவல்துறை ரிவால்வர் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பக்கத்தில் ஒரு சீட்டும் வைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதில் ‘ஆங்கிலேயர் காலத்துக் கைத்துப்பாக்கி’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிக்குள் இரண்டு பிழைகள் இருக்கக்கூடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தாலுகாக்களாக இருந்தவை. அங்கே போலீஸ் அதிகாரியின் இடுப்பில் இருந்தது இங்கிலாந்தில் செய்த ஆயுதமாக இருக்கலாம். அது மன்னராட்சியின் ஆயுதமே தவிர, சென்னை மாகாண அரசின் ஆயுதம் அல்ல. இரண்டாவது பிழை காலத்தைப் பற்றியது. பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் .38 ரிவால்வர்களை 1970கள் வரை செய்துகொண்டிருந்தது. தோற்றத்தில் பழசாக இருக்கும் ஒன்று சுதந்திரத்துக்குப் பிறகு செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். என் வாதம் இதுதான்: பழைய போலீஸ் ரிவால்வருக்கு ஒரே வயது கிடையாது. அந்த வடிவம் உருவான காலம் ஒன்று. இந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி பட்டறையிலிருந்து வெளிவந்த ஆண்டு இன்னொன்று. எந்த ஊரில், எந்த ஆட்சியின் கீழ், யார் கையில் அது பணிபுரிந்தது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் இரும்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாவதை ஏடுதான் சொல்லும். நம் மண்ணுக்கு உரியது அந்த மூன்றாவதுதான். அதை எழுதிவைக்காமல் ஆயுதத்தை மட்டும் சேர்ப்பவர்கள், வேறு எந்த நாட்டிலும் கிடைக்கக்கூடிய ஒரு பொருளைத்தான் சேர்க்கிறார்கள்.

நாஞ்சில் நாடு என்று நான் இங்கே சொல்லும் இந்த மாவட்டத்தில் மூன்றாவது வயது ஏன் இத்தனை முக்கியம்? தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டத்திலிருந்து இன்றுவரை நிர்வாகத்தின் இழை அறுபடாமல் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே அப்படி இல்லை. கணவாயின் கிழக்கே திருநெல்வேலி மாவட்டத்தில் சென்னை மாகாணப் போலீஸ். மேற்கே திருவிதாங்கூர் போலீஸ். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகித் திரு-கொச்சி பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1930களில் வாங்கிய ஒரு ரிவால்வர் 1970 வரை நாகர்கோவில் ஆயுதக் கிடங்கிலேயே இருந்திருந்தால், நான்கு பெயர் கொண்ட அரசுகளுக்கு அது வேலை செய்திருக்கும், இடத்தைவிட்டு நகராமலே. மாற்றப்பட்ட பகுதியில் இருந்த அரசுச் சரக்குகள் அந்தப் பகுதியோடு புதிய மாநிலத்துக்குப் போய்ச் சேரும் என்பது 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் பொது விதி. காவல் நிலையத்து மேசை, நாற்காலி, கைவிலங்கு எல்லாம் அப்படித்தான் கைமாறின. குழித்துறையிலோ தக்கலையிலோ ஒரு நிலையத்தில் அக்டோபர் 31 இரவு பூட்டிவைத்த ஆயுதம் மறுநாள் காலையில் வேறொரு மாநிலத்தின் சொத்து. தமிழ்நாட்டோடு இணையக் கேட்டு நடந்த ஒரு மொழிவழிப் போராட்டத்தின் முடிவு இவ்வளவு துல்லியமாக ஒரு பொருளின் மேல் விழுந்த இடம் இந்தியாவில் அதிகம் இராது. அந்தச் செய்தியைத் துப்பாக்கியின் இரும்பில் தேடினால் கிடைக்காது.

வாசகர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்லிவிட வேண்டும். ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளைக்குள், பெரும்பாலும் ஆறு துளைகளில், இருக்கும். விசையை இழுக்க இழுக்க உருளை திரும்பி அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வரும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கில் இருக்கும். வெடித்த வேகமே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல், ரிவால்வர் அல்ல. வாஞ்சியின் செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூர் ஊர்தான்; அதுவும் 1956இல் நாஞ்சில் நாட்டோடு சேர்ந்தே சென்னை மாநிலத்துக்கு வந்தது. காவல்துறைகள் நெடுங்காலம் ரிவால்வரையே விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டல் சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்துவிடும். மழையிலும் தூசியிலும், அதிகப் பயிற்சி இல்லாத கையிலும் அது வேலை செய்யும். ஆனால் எல்லாக் காவலரிடமும் ரிவால்வர் இருந்ததாக நினைக்கக் கூடாது. கான்ஸ்டபிளிடம் இருந்தது லத்தி. கும்பலைக் கலைக்கப் போன அணியிடம் மஸ்கட் இருந்தது. .303 ரைஃபிள்களை வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் .410 அளவு ஒற்றைத் தோட்டா மஸ்கட்டாக மாற்றிக் காவல்துறைகளுக்குக் கொடுத்தார்கள். ரிவால்வர் அதிகாரியின் ஆயுதம். அதனால் எண்ணிக்கையில் குறைவு. குறைவு என்பதால், ஏடுகள் இருக்கும் வரை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடர்ந்து போவதும் எளிது.

முதல் வயது வடிவத்தின் வயது. இந்தியக் காவல்துறைகளின் பழைய ரிவால்வர்களில் பெருவாரியானவை வெப்லி, என்ஃபீல்டு என்ற இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. இரண்டிலும் கைப்பிடிக்கு மேலுள்ள கொக்கியைத் தள்ளினால் குழல் கீல் போட்ட கதவாகக் கீழே மடங்கும், காலித் தோட்டாக்கள் ஆறும் ஒன்றாக வெளியே வந்து விழும். வெப்லிக்கும் போலீஸுக்கும் உள்ள உறவு பழையது: 1868இல் அயர்லாந்தின் அரசக் காவல்படை வெப்லி ரிவால்வர் ஒன்றைத் தன் ஆயுதமாக ஏற்றது, அந்த மாதிரிக்கே அந்தப் படையின் பெயர் நிலைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் .455 அளவு வெப்லியின் முதல் மார்க்கை எடுத்துக்கொண்டது. 1894இல் இரண்டாவது, 1897இல் மூன்றாவது, 1899இல் நான்காவது, 1913இல் ஐந்தாவது, 1915இல் ஆறாவது என்று மார்க்குகள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் .455 குண்டு தேவைக்கு மேல் கனமானது என்று முடிவு செய்து .38க்கு இறங்கியது, 1932இல் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையின் இரண்டாம் எண் ரிவால்வர் ஏற்கப்பட்டது. 1938இல் சுத்தியின் வாலை வெட்டிய மாதிரி வந்தது. டாங்கிகளுக்குள் ஏறி இறங்கும்போது அந்த வால் மாட்டிக்கொண்டது என்பதுதான் காரணம். அதற்கு அடையாளமாக மார்க்கின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பொறித்தார்கள். ஆகவே வடிவத்தைப் பார்த்து ‘இது 1915க்கு முந்தியது அல்ல’ என்றோ ‘1938க்கு முந்தியது அல்ல’ என்றோ சொல்லலாம். அதற்கு மேல் வடிவம் எதையும் உறுதியாகச் சொல்லாது. 1897ஆம் ஆண்டு வடிவத்தை 1920இலும் செய்திருக்கலாம். குழலில் காப்புரிமை ஆண்டு இருந்தால் அதுவும் கண்டுபிடிப்பின் ஆண்டுதான், செய்த ஆண்டு அல்ல. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது வயதுக்கு உடலைப் படிக்க வேண்டும். முதல் சான்று நிறுவனத்தின் பெயர். ‘பி. வெப்லி அண்டு சன்’ என்று இருந்தால் 1897க்கு முந்தியது. அந்த ஆண்டு ஸ்காட், எல்லிஸ் நிறுவனங்களோடு இணைந்து ‘வெப்லி அண்டு ஸ்காட் ரிவால்வர் அண்டு ஆர்ம்ஸ் கம்பெனி’ ஆனது. 1906இல் அந்த நீண்ட பெயர் சுருங்கி ‘வெப்லி அண்டு ஸ்காட் லிமிடெட்’ ஆனது. ஆறாவது மார்க்கில் உடலின் இடப்பக்கத்திலேயே ஆண்டு இருக்கும். என்ஃபீல்டில் வலப்பக்கம், கிரீடத்துக்கும் தொழிற்சாலைப் பெயருக்கும் கீழே ஆண்டு இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெப்லி .38களில் ‘வார் ஃபினிஷ்’ என்ற சொற்கள் உண்டு. அவசரத்தில் மெருகைக் குறைத்தோம், உறுதியைக் குறைக்கவில்லை என்பதற்கான அறிவிப்பு அது. அதே போரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்டு வெசன் ரிவால்வர்களில் 1942 முதல் எண்ணுக்கு முன்னால் வி என்ற எழுத்து வரும். அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் குறி. அம்போடு ஐ என்ற எழுத்தும் இருந்தால் இந்திய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் அரசுப் பணியிலிருந்து விற்கப்பட்டுவிட்டது என்று பொருள். 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கிய பர்மிங்காம் சோதனை நிலையம், அதிக வெடிமருந்து ஏற்றிச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் முத்திரை குத்தியது. அந்த முத்திரைகளின் வடிவம் 1904 விதிகளிலும் 1950களின் நடுவிலும் மாறியது. ராணுவத்துக்கென்று செய்த என்ஃபீல்டு ஒன்றில் 1950களுக்குப் பிந்தைய வணிகச் சோதனை முத்திரை இருந்தால், அது இடையில் ஒருமுறை ராணுவத்தைவிட்டு வெளியேறிச் சந்தைக்கு வந்திருக்கிறது.

குறிகள் உண்மையைச் சொல்லும். ஆனால் எல்லாக் குறியும் ஒரே நாளில் விழுந்தவை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாதவர் எத்தனை குறிகளை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. 1934 என்று ஆண்டு பொறித்த என்ஃபீல்டில் 1938இல்தான் வந்த நட்சத்திரமும் இருக்கலாம். போலியென்று ஒதுக்கிவிடக் கூடாது. பழுதுபார்க்கப் போனபோது சுத்தியை மாற்றி நட்சத்திரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி மாற்றப்பட்டன. எஃப்.டி.ஆர் என்ற எழுத்துகளோடு ஓர் ஆண்டு இருந்தால் அது முழுப் பழுதுபார்ப்பின் ஆண்டு, பிறந்த ஆண்டு அல்ல. உருளையின் எண்ணும் உடலின் எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டு துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றாகியிருக்கின்றன. தோல் உறையில் உள்ள ஆண்டு உறைக்கு உரியது. உறைகள் கிழியும், மாற்றப்படும். பெயரும் ஏமாற்றும். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்துவரும் .32 ரிவால்வர் வெப்லி நான்காம் மார்க் .38இன் வழிவந்தது; பார்வைக்கு அதே உருவம். வெப்லியின் பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் அண்மையில் உற்பத்தி தொடங்கியது. எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது பளபளப்பு. பழைய இரும்பைத் தேய்த்து மறுபடி நீலம் ஏற்றினால் அழகாகும். கூடவே ஆழமில்லாத முத்திரைகள் மறைந்துபோகும். உறையில் தேய்ந்த குழல் முனை, கயிறு மாட்டும் வளையத்தின் தேய்மானம், கைப்பிடியின் வழவழப்பு எல்லாமே அது எவ்வளவு காலம் உண்மையில் இடுப்பில் இருந்தது என்பதற்கான சான்றுகள். அவற்றை அழித்துவிட்டுப் புதிதுபோல் காட்டுவது, கல்வெட்டைச் செதுக்கிச் சமன் செய்துவிட்டுச் சுவர் அழகாயிற்று என்று சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது வயதைப் பற்றி நான் சொல்வதற்கு இந்தியாவிலேயே மிகச் சிறந்த சான்று பகத்சிங்கின் பிஸ்டல். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் காவல்துறை அதைக் கைப்பற்றியது. .32 அளவு கோல்ட் பிஸ்டல், எண் 168896. வழக்கு முடிந்து, நாடு பிரிந்து, பஞ்சாபின் பில்லோர் காவல் பயிற்சி மையத்திலிருந்து 1969இல் வேறு ஆயுதங்களோடு சேர்த்து இந்தோரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கு அது அனுப்பப்பட்டது. அங்கே அருங்காட்சியகத்தில், பெயரில்லாத பழைய துப்பாக்கிகளுள் ஒன்றாக, துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டு அது இருந்தது. பல்லாயிரம் பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள். ஒரு பத்திரிகையாளர் ஏடுகளைப் பின்தொடர்ந்து தேடியதன் விளைவாக, 2016இல் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது எண் வெளிப்பட்டது. நீதிமன்ற ஆவணத்து எண்ணோடு அது பொருந்தியது. பிறகு பஞ்சாபின் உசைனிவாலாவுக்குக் கொண்டுபோனார்கள். இரும்பு நாற்பத்தேழு ஆண்டுகள் அங்கேயேதான் இருந்தது. அதன் வடிவத்தின் வயதும் உடலின் வயதும் எந்த ஆயுத நிபுணருக்கும் தெரிந்தவை. அதை நாட்டின் சொத்தாக்கியது ஓர் ஏட்டிலிருந்த ஆறு இலக்கங்கள். அந்த ஏடு தொலைந்திருந்தாலோ, வண்ணம் பூசுவதற்கு முன் எண்ணைத் தேய்த்திருந்தாலோ, இன்றும் அது கோல்ட் கம்பெனியின் லட்சக்கணக்கான பிஸ்டல்களில் ஒன்று.

நாஞ்சில் நாட்டில் அந்த ஏடு எங்கே தேடப்பட வேண்டும்? இங்கேதான் மாவட்டத்தின் தனிச் சிக்கல் இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் படைத்தலைவர் டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூர்ப் படையின் அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். போலீஸ் ஆயுதங்களின் கதையும் இதே வழியில் பிரிகிறது. 1956க்கு முந்தைய கொள்முதல், வழங்கல் கடிதங்களுக்கு உரிய இடம் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகமும் கேரளக் காவல்துறையும். அதற்குப் பிந்தையவற்றுக்கு நாகர்கோவில் மாவட்டக் காவல் அலுவலகமும் சென்னையும். பொருள் ஒரு மாநிலத்தில், அதன் பிறப்புச் சான்று இன்னொரு மாநிலத்தில். இந்த இடைவெளியில்தான் கற்பனை நுழையும். திருவிதாங்கூரின் அரசுச் சின்னம் வலம்புரிச் சங்கு; நாணயத்திலும் அஞ்சல் தலையிலும் இருந்தது. ஒரு ரிவால்வரில் சங்கு பொறித்திருந்தால் மன்னர் காலத்து ஆயுதம் என்று உடனே நம்பத் தோன்றும். சங்கை ஒரு சிறு உளியால் யாரும் எப்போது வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். அதே துப்பாக்கியின் எண் ஒரு பழைய வழங்கல் ஏட்டில் இருந்தால் மட்டுமே அந்தச் சங்கை நம்பலாம்.

இனிச் சட்டம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இருபது, முப்பது ரிவால்வர்களை வரிசையாக அடுக்கிவைத்திருப்பதைப் படங்களில் பார்க்கிறோம். இங்கே அது முடியாது, முடியக் கூடாது என்றும் நான் நினைக்கிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் அனுமதி இல்லை. காவல், ராணுவப் பயன்பாட்டுக் குண்டளவுகளில் பல தனியாருக்குத் தடைசெய்யப்பட்டவை, உரிமம் பெற்றவர்களிடம் .32 அளவு மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்புக்குப் பழசு என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. 8ஆம் பிரிவு துப்பாக்கியின் எண்ணையோ குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. ஆராய்ச்சியாளருக்கு அது மறைமுகமான பெரிய உதவி. நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. 1915ஆம் ஆண்டு வெப்லி இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே நம் நாட்டில் போலீஸ் ரிவால்வர்களின் இயல்பான சேகரிப்பாளர் அரசுதான், அதிலும் காவல்துறையே. துறை சேகரிக்காவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆளில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. கண்டம் செய்த, அதாவது பணிக்கு உதவாதென்று கழித்த, ஆயுதத்தை உருக்கிவிடுவதுதானே நல்லது, பழைய துப்பாக்கி தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஓர் ஆயுதப்படை அதிகாரி கேட்டால் அது நியாயமான கேள்வி. நான் கேட்பது எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லி அல்ல. உருக்குங்கள், உருக்குவதற்கு முன் பதிவு செய்யுங்கள். வகைக்கு ஒன்று, அல்லது வரலாறு தெளிவாகத் தெரிந்த ஒன்று, காட்சிக்கு நிற்கட்டும். அதையும் சுட முடியாதபடி ஆக்கிவிட வேண்டும்: குழலை அடைத்து, சுத்தியின் முனையை நீக்கி, உருளைத் துளைகளைச் செயலற்றதாக்கி. இந்த வேலையை முத்திரைகளின் மேல் வெல்டிங் படாமல் செய்ய முடியும். சென்னை எழும்பூரில் 1842ஆம் ஆண்டுக் கட்டடமான பழைய ஆணையர் அலுவலகத்தில் 2021இல் திறந்த தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமும், கேரளத்தில் கொல்லம் நகரிலுள்ள காவல் அருங்காட்சியகமும் ஆயுதங்களைப் பொதுமக்கள் முன் வைத்தே இயங்குகின்றன. பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் சென்னையில் ஒன்று இருப்பது போதாதா என்பது அடுத்த கேள்வி. வெப்லி எப்படி இருக்கும் என்று காட்டச் சென்னை போதும். தலைநகரின் அருங்காட்சியகம் வகைகளைக் காட்டும். ஆனால் சென்னை மாகாணப் போலீஸின் தொடர்ச்சியைச் சொல்லும் இடத்தில் திருவிதாங்கூர் போலீஸின் கதை ஓரத்துக்குப் போய்விடும்; கொல்லத்திலோ 1956இல் பிரிந்துபோன தாலுகாக்களின் கதை ஓரத்துக்குப் போய்விடும். இரண்டு வீட்டிலும் இல்லாத பிள்ளையாகிவிட்டது இந்த மாவட்டம். போதாததற்கு, இங்கே காத்திருக்க நேரமும் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. கூடவே கடலின் உப்புக்காற்று. சரியாக எண்ணெய் போடாத இரும்பு இங்கே விரைவாகத் துருப்பிடிக்கும், துரு முதலில் தின்பது மேலோட்டமாகக் குத்திய சிறு முத்திரைகளைத்தான். ஆழமாகப் பொறித்த எண் தேய்ந்துபோனால் தடய அறிவியலார் அமிலம் தடவி ஓரளவு மீட்பார்கள். குத்தும்போது கீழுள்ள உலோகமும் இறுகியிருக்கும் என்பதால் அது முடிகிறது. துரு அந்த இறுகிய அடுக்கையும் தின்றுவிட்டால் வேதியியலுக்கும் வேலை இல்லை.

நான் மிகவும் மதித்துப் பதில் சொல்ல விரும்பும் மறுப்பு வேறு. போலீஸ் துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றுவது இந்த மாவட்டத்துக்குப் பொருந்துமா? 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டோடு இணையக் கேட்டவர்கள் இறந்தார்கள். அன்றைய திரு-கொச்சி முதல்வர் பட்டம் தாணுபிள்ளை ஆட்சியின் மீது அந்தக் கறை இன்றும் இருக்கிறது. அவருடைய கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே அந்த அமைச்சரவை விலக வேண்டும் என்றார். அந்தக் குடும்பங்களின் ஊரில் போலீஸ் ஆயுதத்துக்குக் காட்சியறை எதற்கு என்று கேட்டால், அந்தக் குடும்பங்களுக்காகத்தான் என்பேன். ஆயுத ஏடு வீரப் பதக்கம் அல்ல. எந்த எண்ணுள்ள ஆயுதம் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை தோட்டாவோடு போனது, எத்தனையோடு திரும்பியது என்று கணக்கு வைக்கவே அந்த ஏடு உண்டாயிற்று. அரசு தன் வன்முறைக்குத் தானே எழுதிவைத்த கணக்கு அது. அதை அழியவிட்டால் பாதிக்கப்பட்டவர்களின் தரப்புக்குத்தான் ஒரு சாட்சி குறையும். ஆயுதத்தைப் போற்றிக் காட்டுவதும் அதன் கணக்கைக் காட்டுவதும் இரண்டு வேறு செயல்கள். பணியின் வயதை எழுதாத சீட்டு முதலாவதைத்தான் செய்கிறது, எழுதுகிறவர் விரும்பாவிட்டாலும்.

தனி மனிதர்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது, அதற்கு உரிமம் தேவையில்லை. ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகளின் வீடுகளில் பணிநிறைவு நாளில் எடுத்த குழுப்படங்கள் இருக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரியின் உறை எந்தப் பக்கம், கயிறு எந்தத் தோளில், உறைக்கு வெளியே தெரியும் கைப்பிடி எந்த வடிவம் என்று பார்த்தாலே .455ஆ, .38ஆ என்று ஊகிக்க முடியும். படத்தின் பின்புறம் தேதியும் நிலையமும் எழுதியிருந்தால் பணியின் வயதுக்கு அதைவிட நல்ல சான்று அரிது. பழைய ஆயுத உரிமப் புத்தகங்கள், தோட்டா வாங்கிய ரசீதுகள், தேர்தல் காலத்தில் நிலையத்தில் ஒப்படைத்ததற்கான சீட்டுகள் எல்லாமே எண்களைத் தாங்கியவை. தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருந்தால் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்; ஒப்படைக்கும் முன் எண்ணையும் முத்திரைகளையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வண்ணம் பூசவோ வேண்டாம்.

துறை செய்ய வேண்டிய பதிவு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. உடல், குழல், உருளை மூன்றின் எண்கள், நிறுவனப் பெயர் உள்ளபடியே, ஆண்டு, மார்க், நட்சத்திரம், சோதனை முத்திரைகள், அம்புக் குறிகள், துறை தானாகப் போட்ட எண்கள், பழுதுபார்த்த தேதிகள், ஏட்டின்படி எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்குப் போனது. சாய்வான வெளிச்சத்தில் எடுத்த ஐந்தாறு படங்கள். நாகர்கோவிலில் இதைச் செய்து, எண்களின் பட்டியல் ஒன்றைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால், அங்குள்ள பழைய வழங்கல் கடிதங்களோடு ஒப்பிட ஒரு வரலாற்று ஆய்வு மாணவர் போதும். தொடங்க வேண்டியது அடுத்து உருக்கப் போகும் கண்டப் பட்டியலிலிருந்து. கிடங்கில் தங்கப்போகிறவை சில மாதம் பொறுக்கும்.